நரைத்த பம்பர்

எங்கள் வீட்டில் முதலில் நரைத்தது கார். அதற்குப் பிறகு நான், கடைசியாக என் கணவர். நான் சாயம் பூசிக்கொண்டேன். அவர், தனக்கு நரைக்கவில்லை, வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். காரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த பழைய ஜப்பான் கார் அது. சின்னது, வெள்ளை நிறம். முன் பம்பர், பின் பம்பர், பக்கக் கண்ணாடிகளின் மூடி, கதவுகளின் நடுவே ஓடும் பட்டி, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் துண்டு எல்லாம் கறுப்புப் பிளாஸ்ரிக். வந்த புதிதில் அந்தக் கறுப்பு அடக்கமாக, பார்க்க மரியாதையாக இருந்தது. கொக்குவிலில் எங்கள் வளவுக்கு மதில் உண்டு, கேற் உண்டு, காருக்கு மட்டும் கொட்டில் கிடையாது. அடுத்த மழைக்குள் போடலாம் என்று அவர் சொல்வார். மழை வரும், போகும், கார் முற்றத்திலேயே நிற்கும். வெயில் தன் வேலையைச் செய்தது. கறுப்பு சாம்பலானது, சாம்பலில் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு, கையால் தொட்டால் விரலில் மாவு ஒட்டும் நிலைக்கு வந்தது.

அதைப் பற்றி அவருக்குக் கவலையே இருக்கவில்லை. "பம்பர் இடிக்கிறதுக்கு, பாக்கிறதுக்கில்லை" என்பார். அவர் வாழ்நாளில் எதையும் இடித்ததும் இல்லை. அவ்வளவு மெதுவாக ஓடுவார். சைக்கிள்காரர்கள் மணி அடித்து எங்களை முந்திக்கொண்டு போவார்கள்.

பிறகு அவருக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதுதான் சரி. வாசிப்புக் கண்ணாடி மாற்றப் போனவரைப் பட்டணத்துக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இருட்டறையில் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அவர் அமத்திய நேரங்களைவிட அமத்தாத நேரங்கள்தான் கூடுதல். டொக்டர் இளம் வயதுக்காரர், மெதுவாகக் கதைப்பவர்.

"கண்ணுக்குள்ளை அமுக்கம் கூடி நரம்பைத் தாக்கியிருக்கு ஐயா. போன பார்வை திரும்பாது. இருக்கிறதை மருந்து விட்டுக் காப்பாத்துவம்."

அவர் அதையெல்லாம் வேறு யாருக்கோ சொல்வதைக் கேட்பவர்மாதிரி இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கார் ஓடலாமோ டொக்டர்?"

டொக்டர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இப்போதைக்கு வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு வாங்கோ, பாப்பம்."

இந்தப் 'பாப்பம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். கொண்டுவந்த சாதகம் பிடிக்காவிட்டால் 'பாப்பம்.' வளவுக்குள் நிற்கும் மாமரக் கொப்பு பக்கத்து வீட்டுக் கூரையில் முட்டுகிறது, வெட்டுங்கள் என்றால் 'பாப்பம்.' கேட்டவருக்கும் விளங்கும், சொன்னவருக்கும் விளங்கும், இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு பிரிவார்கள். என் கணவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். வலிகாமத்தில் பாதிப் பேரை இந்த ஒரு சொல்லால் வீட்டுக்கு அனுப்பியவர். அப்படிப்பட்ட மனிதர், தனக்கு அந்தச் சொல் சொல்லப்பட்டபோது அதை ஓம் என்று, சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது, "அடுத்த முறை விட்டுடுவார்" என்றார்.

"ஆர்?"

"டொக்டர். பாப்பம் எண்டு சொன்னவர்தானே."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் ஓட்டோக்காரருக்கும் எங்கள் குடும்பக் கதை தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் அவர் முற்றத்தில் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஓட முடியாத காலத்தில்தான் காரைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்தது. அடுத்த கிளினிக்குக்கு இந்தக் காரைத் தானே ஓடிக்கொண்டு போகப்போவதாகவும், அதற்குள் அதைப் புதிசு மாதிரி ஆக்கிவிடப்போவதாகவும் அறிவித்தார். பம்பர் கறுத்தால் கண் தெளியும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய முகத்தில் ஒரு களை வந்திருந்தது, நான் அதைக் கெடுக்க விரும்பவில்லை.

முதல் வைத்தியம் நல்லெண்ணெய். அது பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை. அவர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி யோசனை சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொள்பவர். "நல்லெண்ணெய் பூசுங்கோ அண்ணை, மினுங்கும்" என்றார். மினுங்கியது. அன்று பின்னேரம் முழுக்க மினுங்கியது. விடிய எழும்பிப் பார்த்தால், கேற்றுக்கு வெளியே போகும் ஒழுங்கையின் செம்மண் தூசு முழுவதும் பம்பரில் வந்து குடியிருந்தது. எறும்புகள் வரிசை கட்டின. ஒழுங்கை நாய் ஒன்று கேற் இடுக்கால் வந்து பின் பம்பரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நக்கிவிட்டுப் போனது. நக்கிய இடம்தான் மற்ற இடங்களைவிடத் துப்பரவாக இருந்தது.

இரண்டாவது, சப்பாத்து மை. அதைப் பூசிய கிழமை நான் காருக்குப் பக்கத்தால் போய்ச் சேலையில் கறுப்போடு கோயிலுக்குப் போனேன். கோயிலில் மூன்றாவது ஆள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று வீட்டில் சமையல் இல்லை.

மூன்றாவது, சூடு. பிளாஸ்ரிக்கைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வந்து பழைய கறுப்பு திரும்பும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தார். மகள் கனடாவிலிருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போன, தலைமயிர் காயவைக்கும் மெசினை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் இருந்தார். உண்மையாகவே கறுத்தது. ஆனால் ஒரே இடத்தில் அதிக நேரம் பிடித்துவிட்டார், இலக்கத்தகட்டுக்குப் பக்கத்தில் பம்பர் இளகி ஒரு பள்ளம் விழுந்தது. அன்றைக்கு மகள் எங்களுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பா என்ன செய்யிறார்?"

"காருக்குத் தலை காயவைக்கிறார்."

 "டொக்டருக்குக் கண்ணைத்தானே காட்டினனீங்கள்?" என்று கேட்டாள்.

கடைசியாகத்தான் முறையான வழிக்கு வந்தார். திருநெல்வேலியில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில், பிளாஸ்ரிக்கைக் கறுப்பாக்கவென்றே செய்த ஒரு போத்தல் இருந்தது. அதில் இருந்த எழுத்து எங்கள் இருவருக்கும் தெரியாத பாஷை. கடைக்காரர் சொல்லித்தந்தார்: முதலில் சவர்க்காரத் தண்ணியால் உரஞ்சிக் கழுவி, பழைய எண்ணெய், மை எல்லாம் போக ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிளாஸ்ரிக்கைச் சுற்றி வெள்ளைப் பெயின்ரில் கறுப்புப் படாமல் இருக்கக் கடதாசி ரேப் ஒட்ட வேண்டும். பஞ்சில் கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகப் பூசி, சற்று நேரத்தில் துணியால் துடைக்க வேண்டும். பெயின்ரில் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும்.

அவர் அதை ஒரு கந்தோர் வேலையைப்போலச் செய்தார். காலை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு துண்டு மட்டும். சின்னக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ரேப்பை ஒட்டி, அதன் விளிம்பை நகத்தால் நீவி, பஞ்சை எடுப்பார். முன் பம்பரை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கார் வந்த நாளில் இருந்த அதே கறுப்பு. மனிதர் சாதித்துவிட்டார் என்று நினைத்தேன், வாய்விட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் தலையை நீட்டி, நல்லெண்ணெயிலும் இப்படித்தான் வந்திருக்கும் என்றார்.

கிளினிக்குக்கு முந்திய கிழமை கதவுப் பட்டிகளைச் செய்தார். முடித்ததும் ரேப்பை உரித்துக்கொண்டே, "இஞ்சேரும், வந்து பாரும், வடிவா வந்திட்டுது" என்றார்.

கைத்துணியோடு போய்ப் பார்த்தேன். பட்டி நல்ல கறுப்பு. வலப்பக்க முனையில் கறுப்பு, நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. இடப்பக்க முனையில், பட்டி முடிந்த பிறகும் கறுப்பு முடியவில்லை. ரேப்பையும் தாண்டி வெள்ளைக் கதவின்மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஓடிப்போயிருந்தது. முதலில் கை வழுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பின்கதவைப் பார்த்தேன். அதிலும் இடப்பக்கம். மறுபக்கம் போய் அந்தக் கதவுகளையும் பார்த்தேன். ஒவ்வொரு பட்டியிலும் வலது முனை நேர், இடது முனை பிசகு. அவர் காருக்கு முன்னால் நின்று, கையைத் துடைத்தபடி, சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளையில் கறுப்பு. வீதியில் போகிற யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

எனக்குப் பயம் வந்தது. கண் கிளினிக்கில் டொக்டர் சொன்னபோது வராத பயம் அது. டொக்டர் சொன்னது நரம்பு, அமுக்கம். இது என் கண்ணுக்கு முன்னால் இருந்த கதவு.

"ஓம், வடிவாயிருக்கு" என்றேன்.

அவர் மத்தியானம் படுத்த பிறகு, துணியில் மண்ணெண்ணெய் தோய்த்துக்கொண்டு போய், வெள்ளையில் பட்ட கறுப்பை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.  பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் பார்த்துவிடுவார் என்பது ஒரு காரணம். மற்றது, அந்த மனிதர் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு நின்ற நிலை. துடைத்து முடித்து, கையைக் கழுவி, ஒன்றும் நடக்காதமாதிரித் தேத்தண்ணி ஊற்றினேன்.

அவர் எழும்பிக் காரடிக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கதவடியிலை மண்ணெண்ணெய் மணக்குது."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"எங்கை பிசகினது?"

"கொஞ்சம்தான்."

"எவ்வளவு?"

"ரெண்டு விரல்."

"எந்தப் பட்டியிலை?"

"எல்லாத்திலையும். இடப்பக்கம்."

அவர் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "ரேப் வழுகியிருக்கும்" என்றார்.

"இடப்பக்கத்து ரேப் மட்டும் ஏன் வழுகுது?"

"மலிவு ரேப். கிளினிக்குக்கு நான்தான் ஓடுவன். ஓடிக்கொண்டு போய் டொக்டருக்குக் காட்டுவன்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பணியும். அவருக்கு அது தெரியும். "ஓடுங்கோ" என்றேன். "நான் பஸ்ஸிலை வாறன். ஆஸ்பத்திரியிலை எந்த வாட்டெண்டு மட்டும் ஆரிட்டையாவது சொல்லிவிடுங்கோ."

அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஒன்று போனது, யன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கியது. அது அடங்கின பிறகுதான் கேட்டார்.

"அப்ப, நான் இனி ஓடேலாது எண்டு சொல்லுறீரோ?"

'பாப்பம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் எங்கள் நாக்கில் எப்போதும் தயாராக நிற்கும். சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாக எழும்பிப் போய் மிச்சமிருந்த கண்ணாடி மூடிக்கும் கறுப்புப் பூசியிருப்பார். நான் அதை விழுங்கிவிட்டேன்.

"ஓடேலாது" என்றேன்.

எங்கள் கலியாணம் நடந்து இத்தனை வருடத்தில் நான் அவருக்கு இப்படி வெட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, நானும் சமையலறைக்குப் போகவில்லை, அவரும் முற்றத்துக்குப் போகவில்லை. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம்.

இரண்டு நாள் அவர் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். உப்புக் காணாது, கேற் பூட்டியாச்சோ, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை, கார்த் திறப்பைக் கொளுக்கியிலிருந்து கழற்றி என் முன்னால் வைத்தார்.

"நீர் ஓடும். வலப்பக்கம் நீர் பாரும், இடப்பக்கம் நான் பாக்கிறன்."

எனக்கு லைசென்ஸ் உண்டு. கார் வந்த காலத்தில் இருவரும் சேர்ந்துதான் எடுத்தோம். எடுத்த பிறகு ஒரே ஒரு முறை கோயிலடிவரை ஓடினேன். போக வர அவர் சொன்ன திருத்தங்களைக் கேட்டு, வீட்டுக்கு வந்து திறப்பைக் கொடுத்தவள்தான். பிறகு தொடவில்லை. இப்போது அவர் கேட்கும் உடன்படிக்கையில் இருந்த ஓட்டை எனக்கு விளங்காமலில்லை. எந்தப் பக்கம் அவருக்குத் தெரியவில்லையோ, அந்தப் பக்கத்தைத்தான் பொறுப்பெடுக்கிறார். ஆனால் மனிதர் திறப்பைத் தந்துவிட்டார். மிச்சத்துக்கு வழக்காட மனம் வரவில்லை.

"சரி" என்றேன்.

மூன்று நாள் காலையில், ஒழுங்கைகளுக்குள் ஓடிப் பழகினேன். கியர் மாற்றும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்தார். கிளச்சை விடும், விடாதையும், ஏன் விட்டனீர், இப்ப ஏன் பிடிச்சனீர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாடு நின்றால் மாடு நிற்கிறது என்றார். எனக்கு எரிச்சல் வந்தது, அதோடு ஒரு நிம்மதியும். உப்புக் காணாது என்று மட்டும் சொன்ன மனிதர் திரும்பக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

கிளினிக் நாள் வந்தது. அவர் வெள்ளை உடுப்புப் போட்டு, திருநீறு பூசி, காரின் பம்பர், பட்டி எல்லாம் கறுப்பாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருந்தது. பள்ளம் விழுந்த இடத்தைத் தவிர, அந்தக் காரைப் பார்த்தால் யாரும் அதன் வயதைச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் கேற்றடிக்கே வந்து நின்று, "புதுக் கார்மாதிரி எல்லோ அண்ணை" என்றார். அண்ணை இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நல்லெண்ணெயை மன்னித்தேன்.

காங்கேசன்துறை வீதியில் நெரிசல் என்பதால் திருநெல்வேலிப் பக்கமாகப் போய், பலாலி வீதியில் ஏறி, வலப்பக்கம் திரும்பிப் பட்டணம் போவது என்று அவர் முதல் நாளே தீர்மானித்திருந்தார். சந்தைக்குப் போகிற சனம், கம்பஸுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள், இவற்றுக்கிடையால் ஒருவாறு பலாலி வீதி முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். வலப்பக்கம் பார்த்தேன். ஒரு லொறி போனது, அதற்குப் பின்னால் வெறுமை.

"என்ரை பக்கம் ஒண்டும் இல்லை" என்றார் அவர். கழுத்தை நன்றாகத் திருப்பி, யன்னலால் பார்த்துத்தான் சொன்னார். சரியாகப் பார்க்க வேண்டும் என்று முன்னுக்குச் சாய்ந்தும் பார்த்தார். "எடும்."

நான் எடுக்கவில்லை. அவர் பார்த்து முடித்த பக்கத்தை நானும் ஒருமுறை பார்த்தேன். பலாலிப் பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. தூரத்தில் இல்லை, பக்கத்தில். மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் கையை வீசிக்கொண்டு வந்தது தெரிந்தது.

"எடும் எண்டுறன், ஏன் நிக்கிறீர்?"

பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்கள் புதுக் கறுப்புப் பம்பருக்கு முன்னால் போனது. அதன் காற்றில் கார் ஒருமுறை ஆடியது. அவர் சீற்றில் பின்னுக்குச் சாய்ந்தார்.

"பஸ்ஸோ?"

"ஓம்."

"உந்தப் பக்கத்தாலையோ வந்தது?"

"ஓம்."

அவர் யன்னல் பக்கம் திரும்பி, பஸ் வந்த திசையைத் திரும்பவும் பார்த்தார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார்.

"இனி ரெண்டு பக்கமும் நீரே பாரும்" என்றார். "நான் சும்மா வாறன்."

பின்னால் ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தது. வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், திரும்பவும் வலப்பக்கம் பார்த்துக் காரை எடுத்துத் திருப்பினேன். கியர் ஒருமுறை சத்தம் போட்டது.  பட்டணம் போய்ச் சேரும்வரை அவர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணி கட்டியது, சேலைத் தலைப்பால் உடனே துடைத்தேன். காருக்குள் ஒரு ஆளுக்காவது ரோட்டுத் தெரிய வேண்டும்.